ரெண்டு விசில் அடிச்சாத்தான் ஏரோப்ளேன் கெளம்பும்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு சன்னல் வேண்டாம். முன்கண்ணாடி தெரியோணும், டிரைவரோட கை தெரியோணும், அது போதும். இந்தத் தூக்குப்போசியை மட்டும் காலுக்கு நடுவுல வச்சுக்கறேன், இடிக்காதுங்களே? உள்ள நாலு லெக் பீஸு இருக்குது. அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

வால்பாறைக்குங்களா? சுத்திப் பாக்கவா? நல்லாப் பாருங்க. பொள்ளாச்சியில இருந்து இந்த ரோட்டுல முப்பத்தொரு வருசம் பஸ்ஸு ஓட்டுனவன் நானு. பேரு மாரப்பன். நாப்பது வளைவும் எனக்கு உள்ளங்கை ரேகை. ஒரு ஆக்சிடென்ட் கெடையாது, ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. ரிடையராகி நாலு வருசமாச்சு. இப்ப ஏரோப்ளேன் ஓட்டறேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். ஊட்டுல வச்சு ஓட்டறேன்.

எங்க பொண்ணு பிருந்தா கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் ஆபீசுல வேலை பாக்கறா. போன வருசம் என்னையும் அவங்கம்மாளையும் மெட்ராசுக்கு ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போனா. இருவத்தி மூணாவது வரிசையில கொண்டி உக்கார வச்சுட்டாங்க. டிரைவரையே காணோம். நடு ஆகாசத்துல ஒருத்தன் மைக்குல பேசறான், நான்தான் ஓட்டறேன்ங்கறான். மூஞ்சியைக் காட்டாத டிரைவரை எப்படிங்க நம்பறது? எந்திரிச்சு முன்னாடி போனேன். சித்தெ எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன், நானும் டிரைவர்தான்னு அங்க நின்ன புள்ளகிட்டச் சொன்னேன். அந்தப் புள்ள ஒரு டம்ளர் தண்ணி குடுத்து, சிரிச்சாப்பலயே என்னைத் திருப்பி உக்கார வச்சிருச்சு. எறங்கற வரைக்கும் என் வலது கால் சும்மா இருக்கலைங்க. எங்கெல்லாம் பிரேக்கு வரோணும்னு தோணுதோ அங்கெல்லாம் போயி அமுக்குது. முன்சீட்டுக்காரரு ரெண்டு வாட்டி திரும்பிப் பாத்தாரு.

ஊட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறலை. சோறு எறங்கலை. இதைப் பாத்துட்டு பிருந்தா ஒரு ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா. ஆட்டம்னா சும்மா இல்லீங்க, அதுல நெசமான ஆகாசம், நெசமான ஊரு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டு அப்படியே இருக்குது. கூடவே ஒரு சின்னக் குச்சி குடுத்தா, "மேசை மேல வச்சு இதை ஆட்டுனாப் போதும்பா"ன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கேபின் இல்லாம ஒரு வண்டியா? மேசை மேல உக்காந்து ஆட்டறதுக்கு நான் என்ன மாவா ஆட்டறேன்?

ஊட்டை ஒட்டி ஒரு தகரச் செட்டு இருக்குதுங்க. பிருந்தா கார் வாங்குனா நிறுத்தலாம்னு போட்டது. அவ இன்னும் கார் வாங்கலை. நான் ஏரோப்ளேனை நிறுத்திட்டேன்.

மொதல்ல சீட்டு. ஒடைக்கப் போட்ட பஸ்ஸுல இருந்து டிரைவர் சீட்டு ஒண்ணைக் கொண்டாந்தேன். நான் ஓட்டுன வண்டியோடதுதான், எடது பக்கம் ஸ்பிரிங்கு குத்தறதை வச்சே கண்டுபுடிச்சேன். அப்பறம் அதே பஸ்ஸோட முன்கண்ணாடி, முழுசா. அதுக்கு அக்கட்ட பிருந்தாவோட பெரிய டிவியை நிறுத்துனேன். கண்ணாடிக்கு மேல மூணு சாமி படம், கீழ எலுமிச்சம்பழம் மொளகா, ரெண்டு பக்கமும் சைடு கண்ணாடி. "அப்பா, ஏரோப்ளேன்ல சைடு கண்ணாடியே இருக்காது"ன்னா. அப்பறம் பின்னாடி வர்றவனுக்கு எப்படிம்மா வழி உடறதுன்னு கேட்டேன்.

ஸ்டேரிங்குதானுங்க பெரிய ரோதனை. பஸ்ஸு ஸ்டேரிங்கு சுத்த மட்டுந்தான் சுத்தும். ஏரோப்ளேனுக்கு இழுத்தா ஏறோணும், தள்ளுனா எறங்கோணும். ஒரு வாரம் மண்டையைக் கசக்குனேன். கடைசியில என் ஊட்டுக்காரி துளசிமணியோட கண்ணாடி மேசையில டிராயரு சொகமா உள்ள வெளிய போயிட்டு வர்றதைப் பாத்தேன். அந்தத் தண்டவாளத்தைக் கழட்டி ஸ்டேரிங்குக்கு மாட்டிட்டேன், பிருந்தா குடுத்த குச்சியை அதுக்குள்ள வச்சுக் கட்டியாச்சு. அன்னையில இருந்து துளசியோட பொட்டு, சீப்பு, பவுடரெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டுல கெடக்குது. தட்டைக் கொண்டாந்து நான் சோறு திங்கற எடத்துல வச்சுட்டுப் போயிட்டா, அவ்வளவுதான்.

நெசமான ஏரோப்ளேன்ல தலைக்கு மேல பூராம் சுச்சுங்க, படத்துல பாத்திருப்பீங்க. நானும் ஒரு பலகையடிச்சு அறுவத்தெட்டு சுச்சு மாட்டுனேன். அதுல மூணுதான் வேலை செய்யும். ஒண்ணு டியூப் லைட்டு, ஒண்ணு ஃபேனு, ஒண்ணு இஞ்சினு. இஞ்சினுன்னா, மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரு. டிவியில வர்ற இஞ்சின் சத்தம் கொசு கத்தறாப்பல இருந்துச்சுங்க. சீட்டுக்கடியில அதிர வேண்டாமா? மோட்டாரு செட்டுக்குப் பின்னாடியேதான் இருக்குது, ஒயரை இழுத்து சுச்சுல குடுத்துட்டேன். போட்டம்னா செட்டே கிடுகிடுங்குது. அதுல ஒரு சங்கடம் என்னன்னா, நான் மதுரைக்குப் போயிச் சேர்றதுக்குள்ள தொட்டி ரொம்பிரும். "ஏனுங்க, தண்ணி வழியுது, எறங்குங்க"ன்னு துளசி சத்தம் போடுவா. ஆகாசத்துல இருக்கறவன் சட்டுன்னு எறங்க முடியுங்களா? துணி தொவைக்கற நாளுன்னா மட்டும் அவளே வந்து, "இன்னைக்கு ரெண்டு ட்ரிப்பு ஓட்டுங்க"ம்பா.

ஆரன் கேக்கறீங்களா? வச்சேனே. காத்து ஆரன். மேகம் வந்தா அடிப்பேன். "மேகம் ஒதுங்குமாப்பா"ன்னு கேட்டா பிருந்தா. ஒதுங்குதோ இல்லையோ, அடிக்கறது நம்ம கடமை. முன்னாடி பலகையும் எழுதி மாட்டியாச்சு. 'கோவை – மதுரை, வான்வழி, இடைநில்லாப் பேருந்து.' பேருந்துன்னு எழுதுனது கை பழக்கத்துல வந்துட்டுது. அழிச்சா அசிங்கமாப் போயிருமுன்னு உட்டுட்டேன்.

எல்லாம் ஆச்சுங்களா? நல்ல நாள் பாத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சீட்டுல ஏறி உக்காந்தேன். இஞ்சினைப் போட்டேன். முன்னாடி ரோடு நீளமா, காலியா கெடக்குது. ஒரு ஆடு மாடு இல்லை. உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன், வண்டி நகரலை. பிருந்தா, "என்னப்பா, வேகம் குடுக்கற அந்தக் கம்பியை முன்னாடி தள்ளுங்க"ங்கறா. எனக்கும் தெரியுது, தள்ளோணும். கை வர மாட்டேங்குது. கை அப்படியே கல்லாட்டம் கெடக்குது.

உங்களுக்குப் புரியாது. கண்டக்டரு ஒத்தை விசிலு குடுத்தா நிறுத்தோணும், ரெட்டை விசிலு குடுத்தா எடுக்கோணும். முப்பத்தொரு வருசமா என் கைகாலுக்கு அதுதான் சட்டம். ரெட்டை விசிலு இல்லாம நான் ஒரு அடி எடுத்ததில்லை. ஆருமே இல்லாத ஏரோப்ளேன்தான், படிக்கட்டுல ஆரும் தொங்கலைதான், எல்லாம் தெரியும். ஆனா கை கேக்கோணுமில்ல?

அன்னைக்கு ஏரோப்ளேன் எப்படிக் கெளம்புச்சு தெரியுங்களா? அடுப்படியில துளசி குக்கர்ல பருப்பு வச்சிருந்தா. அது ஒரு விசிலு அடிச்சுது. நான் பிரேக்கைக் கெட்டியா அமுக்குனேன். ரெண்டாவது விசிலு அடிச்சுது பாருங்க, கை தானாப் போயிருச்சு. கெளம்பிட்டேன். ஏறிட்டேன். கோயமுத்தூரு கீழ தெரியுது. சந்தோசத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. அப்பத்தான் மூணாவது விசிலு அடிச்சுது. விசிலடிச்சா நிறுத்தோணுமில்லீங்களா? நிறுத்துனேன். ஆகாசத்துல.

அதுதான் மொதல் ஆக்சிடென்ட்டு. முப்பத்தொரு வருசத்துல மொதல் ஆக்சிடென்ட்டு.

பொறவு துளசி ஒரு பிளாஸ்டிக் விசிலு வாங்கியாந்தா. "இந்தக் கூத்துல என் பருப்பு அடி புடிக்குது, நானே ஊதித் தொலைக்கறேன்"னு சொல்லி, துணி காயப்போட்டுட்டே ரெண்டு ஊது ஊதுவா. கெளம்பிருவேன். கெளம்பறது பிரச்சனை தீந்துச்சு. எறக்கறதுதான் தீரலை. ஒரு தடவைகூட என்னால எறக்க முடியலைங்க. நேத்து வரைக்கும் நூத்திப் பதினாலு தடவை தரையில குத்திட்டேன். ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல விளக்கம் எழுதி வச்சிருக்கேன். 'மேற்படி நாளில் தொட்டி நிரம்பிய காரணத்தால் பதற்றத்தில்' அப்படீன்னு. அம்பதாவது ஆனப்ப மனசு கேக்காம என்னை நானே மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணிக்கிட்டேன். செட்டைப் பூட்டி சாவியைத் துளசிகிட்டக் குடுத்துட்டேன். "சஸ்பெண்டுன்னா சும்மாதானே இருப்பீங்க, வெங்காயம் உரிங்க"ன்னுட்டா. மூணு நாளும் உரிச்சேன்.

ஏன் எறங்க மாட்டேங்குதுன்னு நெம்ப யோசிச்சேன். காரணம் இதுதானுங்க. ஏரோப்ளேனு எறங்கறப்ப பின்சக்கரம்தான் மொதல்ல தொடோணும். முன்னாடி இருக்கறதை நான் பாத்துக்குவேன், மயிரெழையில போவேன். பின்னாடி எத்தனை எடம் இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை நான் எந்தக் காலத்துல பாத்தேன்? அது கண்டக்டரு சோலி. இந்த வளைவுல எதுத்தாப்ல வண்டி வந்துட்டா நாம பின்னாடி எடுக்கோணும். கண்டக்டரு எறங்கிப் பின்னாடி போயி நிப்பான். "வரட்டும், வரட்டும்"னுட்டு ஒத்தை விசிலு. நிறுத்திருவேன். அவ்வளவுதான், பெரிய வித்தையெல்லாம் இல்லை.

இதை பிருந்தாகிட்டச் சொன்னேன். அவ பழைய கம்ப்யூட்டர் டிவி ஒண்ணைக் கொண்டாந்து எனக்கு முதுகுப்பக்கமா வச்சா. அதுல ஏரோப்ளேனோட வாலும், பின்சக்கரமும், கீழ தரையும் தெரியுது. சரின்னு நான் அதுக்கு எதுத்தாப்ல ஒரு சீட்டு போட்டேன். பின்னாடி பாத்த சீட்டு. கொஞ்சம் தாழ்வா போட்டேன், ஆள் கட்டையா இருந்தா கால் தொங்கக் கூடாதுன்னு. பக்கத்துல ஒரு கொக்கி, தோல் பை மாட்டறதுக்கு. ஒரு வெத்தலை எச்சி டப்பா. ஆருக்குன்னு கேட்டா துளசி. ஆருக்குமில்லை, ஆராச்சும் உக்காந்தா உக்காருவாங்கன்னேன். நம்ம ஊட்டுல ஆரும் வெத்தலை போடறதில்லையேன்னா. இந்தப் பொம்பளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி.

என்ன தம்பி கேட்டீங்க? என் கண்டக்டரா?

தேவசகாயம்னு ஒருத்தன். பத்தொம்பது வருசம் என் வண்டியிலதான் இருந்தான். அவன் பேச்சை எடுக்காதீங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குது. எடுத்துட்டீங்க, சரி, நீங்களே நாயம் சொல்லுங்க. நான் ரிடையரான அன்னைக்கு டிப்போவுல பிரிவு உபசாரம். ஆக்சிடென்ட்டே பண்ணாதவன்னு எனக்கு மெடலு. மாலை, சால்வை, பிரியாணி. என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. இருவத்தஞ்சு நிமிசம் பேசுனேன். ஒருத்தரை உடலை. மேனேசருக்கு நன்றி, டீசல் புடிக்கறவருக்கு நன்றி, டயர் பாக்கற சின்னானுக்கு நன்றி, அட்டகட்டி டீக்கடைக்கு நன்றி. ஒம்பதாம் வளைவுக் கொரங்குகளுக்குக்கூட நன்றி சொன்னேன், முப்பத்தொரு வருசத்துல ஒண்ணுகூட குறுக்க வுழுகலைன்னு. அத்தனை பேரும் கை தட்டுனாங்க. எறங்கி வந்து பாத்தா தேவசகாயத்தோட எலை அப்படியே இருக்குது, ஆளைக் காணோம். பிரியாணியைத் தொடக்கூட இல்லை. அன்னைக்குப் போனவன்தான். நாலு வருசமாச்சு, ஒரு போன் இல்லை, ஒரு பேச்சு இல்லை.

என்ன காரணம்ங்கறீங்க? நாலு வருசம் யோசிச்சுக் கண்டுபுடிச்சுட்டேன். அவன் எலையில லெக் பீஸு இல்லைங்க. எலையை நல்லாப் பாத்தேன், ரெண்டு எலும்புக் கறித் துண்டுதான் வச்சிருந்தாங்க. எனக்கு ரெண்டு லெக் பீஸு வச்சிருந்தாங்க. அதைப் பாத்துட்டான். ஒரு லெக் பீஸுக்காகப் பத்தொம்பது வருசப் பழக்கத்தை வெட்டிட்டான் பாருங்க, எப்பேர்ப்பட்ட ஆளு.

அவன் பேரா? மேடையிலயா? அவன் பேரை எதுக்குங்க சொல்றது? எவனாச்சும் மேடையில ஏறி, என் எடது கைக்கு நன்றின்னு சொல்லுவானா? நல்லா கேட்டீங்க போங்க.

நான் ஒண்ணும் அவனைத் தேடிப் போற ஆளு இல்லை. இன்னைக்குப் போறது வேற சோலிக்கு. நாளைக்கு ஆயுத பூசைங்க. நான் டிப்போக்காரங்க நாப்பது பேரைக் கூப்பிட்டுட்டேன். 'வான்வழிச் சேவை தொடக்க விழா'ன்னு பத்திரிகையே அடிச்சாச்சு. செட்டுக்கு வாழக்கன்னு கட்டி, பொரிகடலை எல்லாம் குடுத்து, நான் அத்தனை பேரு முன்னாடியும் கெளம்பிக் காட்டறேன், எறக்கிக் காட்டறேன்னு சொல்லிட்டேன். போன வாரம் சொல்றப்ப நாளு இருக்குதுன்னு நெனச்சேன். நேத்து மட்டும் ஒம்பது தடவை குத்துனேன். நாளைக்கு அந்த நாப்பது பேரு முன்னாடி நான் ஏரோப்ளேனைக் கொண்டி தரையில குத்துனன்னா, முப்பத்தொரு வருச மெடலும் போச்சு, மாரப்பன்கற பேரும் போச்சு. டயர் பாக்கற சின்னான் சிரிச்சே என்னைக் கொன்னுருவான். நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன் தம்பி, ரெண்டு நாளாத் தூக்கமில்லை.

அதனால அவன்கிட்ட விசிலை மட்டும் கேட்டு வாங்கியாரலாம்னு போறேன். அவனோட பித்தளை விசிலு. துளசி ஊதறது சரியா இல்லை. அதும் ஒரு அதிசயம் கேளுங்க, போன மாசம் வரைக்கும் அவ ஊதுனா காத்துதான் வந்துச்சு. திடீர்னு ஒரு நாள், கணீர்னு, கடைசியில ஒரு இழுவையோட ஊதறா. அந்த இழுவை இந்த மலையில ஒருத்தனுக்குத்தான் வரும். எனக்கு முதுகுல சிலுத்துப் போச்சு. எங்கடி கத்துக்கிட்டேன்னா, "போன்ல கத்துக்கிட்டேன்"னா. இப்பெல்லாம் போன்ல எதை வேணா சொல்லித் தர்றாங்களாமே. அவளும் ஒரு மாசமா மத்தியானத்துல போனும் கையுமாத்தான் இருக்கறா. பூசை நாள்ல ஊட்டுல கறி ஆகாதுன்னுட்டா, அதனால இந்த லெக் பீஸு ஓட்டல்ல வாங்குனது. வருசத்துக்கு ஒண்ணு, நாலு. மூஞ்சி முன்னாடி வச்சுட்டு, இந்தாப்பா உன் கோவம் தீந்துச்சா, விசிலைக் குடுன்னு வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல எறங்கிருவேன்.

இருங்க, ஏன் நின்னுட்டாரு? பதினேழாம் வளைவுல எதுக்கு நிறுத்தறாரு? ஓ, லாரி. எஸ்டேட்டு லாரி, நெறஞ்ச லோடு. அவன் பின்னாடி போக மாட்டான், நாமதான் எடுக்கோணும். கண்டக்டர் தம்பி எங்க? நடுவுல சிக்கிட்டாரு பாருங்க, ரெண்டு பக்கமும் ஆளு, அவரு எப்ப எறங்கறது? டிரைவர் தம்பி மூடுபனியில கண்ணாடியைப் பாத்து எடுக்கறாரே. ஏனுங்க டிரைவர், இருங்க, நான் எறங்கிப் பாக்கறேன். தம்பி, போசியைப் பாத்துக்கங்க.

வந்துட்டேனுங்க.

சித்தெ தண்ணி இருந்தாக் குடுங்க. இல்லை, ஒண்ணுமில்லை. மூச்சு வாங்குது.

நல்லாத்தான் எடுத்தாரு, சின்ன வயசு, கை சுத்தம். லாரி போயிருச்சு. விசிலு இல்லைங்களா, தகரத்துல தட்டித் தட்டித்தான் சொன்னேன். கடைசியில கத்துனேன். எனக்கே என் சத்தம் புடிபடலை. டிரைவரு, "பெரியவரே, எதுக்கு இப்படிக் கத்தறீங்க, பாதி ரோடு இருக்குது"ங்கறாரு. பாதி ரோடு இருந்துச்சுங்களா? எனக்குத் தெரியலை.

தம்பி, அங்க பின்னாடி ஒண்ணுமே இல்லீங்க. ரெண்டடி மண்ணு. முட்டி ஒசரத்துல ஒரு செவுரு. அப்பறம் வெறும் பனி. அந்த ரெண்டடியிலதான் நிக்கோணும். நின்னா, பஸ்ஸு நம்ம மேல வருது. முன்னாடி இருந்து பாத்தா அது பின்னாடி போகுதுங்க. அங்க நின்னு பாத்தா அது நம்ம மேலதான் வருது. இத்தனாம் பெரிய வண்டி. ஊதுனா நிறுத்துவான்னு நம்பி நிக்கறதைத் தவிர அங்க செய்யறதுக்கு வேற ஒரு சோலியும் இல்லை.

நான் அங்க நின்னதே இல்லீங்க. முப்பத்தொரு வருசத்துல ஒரு நாளும் எறங்கி அங்க போயிப் பாத்ததில்லை. மழை பேஞ்சா அவன் நனைஞ்சுட்டு ஏறுவான். ஏம்ப்பா இத்தனை நேரம்னு திட்டிட்டு வண்டியை எடுப்பேன். தலையைத் தொடச்சுட்டே ரெட்டை விசிலு குடுப்பான்.

பத்தொம்பது வருசம் நின்னிருக்கான். கிறுக்கன்.

இல்லை தம்பி, அழுகலை. பனி. இந்த மலையில எனக்கு எப்பவும் இப்படித்தான்.

சரி, நாப்பது பேரு வரட்டும். பேசோணும்னு சொன்னா பேசறேன். இந்த வாட்டி இருவத்தஞ்சு நிமிசமெல்லாம் வேண்டாம். ஒரு பேருதானே, ஒரு நிமிசம் போதும். அந்தக் கொரங்குகளை உட்டுட்டுக்கூடச் சொல்லியிருக்கலாம்.

இதோ வந்துருச்சு, அடுத்த ஸ்டாப்புதான். அவன் மகன் ஊடு அந்தத் தேயிலைக் காட்டுக்கு மேல, செகப்பு ஓடு. என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க. வர்றப்ப எல்லாம் மனப்பாடமா வச்சிருந்தேன்.

அதாருங்க, மரத்துக்கடியில? காக்கிச் சட்டை. ரிடையராகியும் காக்கியைப் போட்டுட்டு நிக்கறான் பாருங்க. அவனேதான். ரோட்டுக்கு அக்கட்ட நிக்கறான், கீழ போற பஸ்ஸுக்கு. தோள்ல பை, கையில ஒரு துணிப் பை. இதைத்தான் சொன்னேன் தம்பி. நான் வர்றேன்னு எப்படியோ தெரிஞ்சுட்டு ஊரை உட்டே கெளம்பிட்டான். ஆரு சொல்லியிருப்பா? நான் வர்றது துளசிக்கு மட்டுந்தானே தெரியும். மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு ஓடறான், நான் இத்தனை தூரம்...

கேட்டுச்சுங்களா?

ஒத்தை விசிலு. கடைசியில இழுவை. நம்ம கண்டக்டர் தம்பி ஊதலைங்க, அவரு இன்னும் டிக்கெட்டுதான் கிழிச்சுட்டு இருக்கறாரு. அவன் அங்க இருந்து ஊதறான். வண்டி நின்னுருச்சு பாருங்க. இந்த டிரைவரு அவனை முன்ன பின்ன பாத்திருக்க மாட்டாரு, ஆனா நிறுத்திட்டாரு. ஊரை உட்டு ஓடறவன் எதுக்குங்க நம்ம வண்டியை நிறுத்தறான், எங்க ஊட்டுக்குத்தான் கெளம்பியிருப்பானோ?

அடடா, மன்னிச்சுக்கங்க தம்பி. அது உங்க காலுங்களா? நல்லா நசுங்கிருச்சா? விசிலு கேட்டதும் என் கால் தானா போயிருச்சு, நான் அமுக்கலைங்க.

போசியா? வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க. வால்பாறையில எறங்கிச் சாப்பிடுங்க. அவன் லெக் பீஸு திங்கறவனே இல்லீங்க. வழிக்கடையில எங்க உக்காந்தாலும் எடுத்து என் எலையிலதான் வைப்பான். பத்தொம்பது வருசமா நான்தான் தின்னிருக்கேன், இப்பத்தான் ஞாபகம் வருது.

வர்றேனுங்க. அவன் ரெட்டை விசிலு குடுக்கறதுக்குள்ள நான் எறங்கிக்கறேன்.